ஏழு மாதமாகியும் முட்டை வைக்காத வெடக்கோழி

தைப் பொங்கலை ஒட்டிப் பொரித்த ஐந்து வெடக்கோழிகள், அதாவது இளம் பெட்டைகள், வைத்திருக்கிறீர்கள். இரண்டு கிராமப்பிரியா, மூன்று சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழி. கிராமப்பிரியா இரண்டும் ஆனி மாதத்திலேயே முட்டை வைக்கத் தொடங்கிவிட்டன. ஆடி முடியப்போகிறது, மற்ற மூன்றும் ஒரு முட்டைகூடத் தரவில்லை. அந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் கொண்டை நன்றாகச் சிவந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "மலட்டுக்கோழி, குழம்பு வைத்துவிடு" என்கிறார். முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம் போடலாமா, கூண்டில் பல்பு மாட்டலாமா, சேவல் இல்லாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேவல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சேவல் இல்லாமலே கோழி முட்டை வைக்கும். அந்த முட்டையில் குஞ்சு வராது, அவ்வளவுதான். உங்கள் கிராமப்பிரியா இரண்டும் இப்போது அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கின்றன. குழம்பு விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: பொறுங்கள். ஏழு மாதம் ஆனதால் மட்டும் ஒரு நாட்டுக்கோழியை மலடு என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே மலடான பெட்டையை இத்தனை வருடத்தில் நான் ஓரிரண்டுதான் பார்த்திருப்பேன். மலடு என்று பெயர் வாங்கிய மற்றதெல்லாம் வயது வராதது, இளைத்துக் கிடந்தது, இல்லாவிட்டால் வேறெங்கோ போய் ரகசியமாக முட்டை வைத்துக்கொண்டிருந்தது.

முதல் முட்டையின் தேதியைப் பெரும்பாலும் இனம்தான் தீர்மானிக்கிறது. நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் வெள்ளை லேயர் கோழி 18 முதல் 20 வாரத்துக்குள் தொடங்கிவிடும். அதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட கோழி அது. கிராமப்பிரியா, ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கோழி. 160 நாள் வாக்கில் முதல் முட்டை வந்துவிடும். அங்கேயே உருவான வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது, அதனால் சற்றுப் பிந்தும். கருங்கோழி எனப்படும் கடக்நாத்துக்கு ஆறு மாதம் ஆகும்.

நாட்டுக்கோழி என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள்ளேயே சிறுவிடை, பெருவிடை என்று இரண்டு உண்டு. சிறுவிடை உருவத்தில் சின்னது, சுறுசுறுப்பானது, நல்ல தாய்க்கோழி. தீனி சரியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பின்னாக முட்டைக்கு வந்துவிடும். பெருவிடை சண்டைச்சேவல் வம்சம், அசில் வகை. நெட்டைக் கால், நீண்ட கழுத்து, நிமிர்ந்த நடை. உடம்பு கட்டவே அதற்கு நாளாகும். ஏழு மாதம் சாதாரணம், எட்டு மாதம் வரைகூட இழுக்கும். உங்கள் மூன்றில் கொண்டை சிவக்காத இரண்டும் பெருவிடையா என்று பாருங்கள். ஏன் கேட்கிறேன் என்றால், பெருவிடைக்குக் கொண்டை உயர்ந்து நிற்காது. பட்டாணி பதித்த மாதிரி தலையோடு ஒட்டிச் சின்னதாக இருக்கும். அது சிவந்தாலும் தூரத்திலிருந்து தெரியாது. கொண்டையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொரு சின்னச் சந்தேகமும் இருக்கிறது. சந்தையில் "தைக் குஞ்சு" என்று சொல்லி விற்றது மாசியிலோ பங்குனியிலோ பொரித்ததாகவும் இருக்கலாம். குஞ்சின் வயதை விற்கிறவர் சொல்வதில் ஒரு மாதம் முன்பின் இருப்பது சகஜம். திருவிழாக் கடைகளில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் கலர் குஞ்சுகளை வளர்த்து முட்டைக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் முட்டையினக் கோழிகளின் ஆண் குஞ்சுகள். பொரிப்பகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியவை. ஐந்தாம் மாதம் அது கூவும்போதுதான் வீட்டில் உண்மை தெரியும். உங்களுடையவை பெட்டைகள்தான் என்று உறுதியாகச் சொல்லியிருப்பதால் அதை விட்டுவிடலாம்.

அந்தக் கொண்டை சிவந்த ஒன்றின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பகலில் கோழிகளை மேய விடுகிறீர்கள் என்றால், அது ஏற்கெனவே முட்டை வைத்துக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கூண்டில் வைக்காமல் வேலியோரம், விறகு அடுக்கு, வைக்கோல் போர், மாட்டுக்கொட்டகையின் மூலை என்று எங்காவது வைக்கும். ஒருமுறை ஒரு சாம்பல் நிறப் பெட்டையை விற்றுவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். மழைக்கு முன் தென்னை மட்டைகளை எடுத்து அடுக்கப் போனபோது அடியில் 14 முட்டை. பாதி கெட்டுப்போயிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கோழி என்னவோ சாவகாசமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மூன்று நான்கு நாளைக்குக் காலையில் திறந்துவிடாமல் இருப்பது. நாட்டுக்கோழி பெரும்பாலும் காலை நேரத்தில்தான் முட்டை வைக்கும். மதியம் வரை பஞ்சாரத்தை, அதாவது கோழி கவிழ்க்கும் கூடையை, போட்டுக் கவிழ்த்து வையுங்கள், உள்ளேயே தண்ணீரும் தீனியும் இருக்கட்டும். ஒரு நாள் மட்டும் செய்துவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள், இடையில் ஒரு நாள் விட்டும் வைக்கும். அப்படியும் தெரியவில்லையென்றால் காலையில் திறந்துவிட்டு அது போகும் வழியிலேயே கண்ணை வையுங்கள். முட்டை வைக்கப்போகிற கோழி மற்றவற்றோடு மேயாது. ஒருமாதிரி கேறிக்கொண்டே தனியாகச் சுற்றும், இண்டு இடுக்கில் தலையை விட்டுப் பார்க்கும், திரும்பி வரும், மறுபடி போகும். வைத்து முடித்தபின் போடும் கொக்கரிப்பு ஊருக்கே கேட்கும். ஆனால் கள்ளக்கோழி அந்த இடத்தைவிட்டுத் தள்ளி வந்துதான் கொக்கரிக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, ஒளித்து வைக்கவில்லை, உண்மையிலேயே இன்னும் வைக்கவில்லை என்றால் கோழியின் உடம்பைப் பாருங்கள். மாதக் கணக்கைவிட அது சரியாகச் சொல்லும்.

கோழிக்கு இடப்பக்கச் சூலகமும் இடப்பக்க முட்டைக்குழாயும் மட்டும்தான் வேலை செய்யும். குஞ்சாக இருக்கும்போது அந்தக் குழாய் ஒரு நூல் மாதிரி இருக்கும். வயது வரும்போது சூலகத்திலிருந்து சுரக்கும் ஹார்மோன்தான் கொண்டையையும் தாடியையும் சிவக்க வைக்கிறது, குழாயைப் பெருக்க வைக்கிறது, இடுப்பெலும்பை விரிய வைக்கிறது. முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பே எலும்புகளின் உட்புறத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சேமிக்கத் தொடங்கிவிடும். கடைசி ஏழு முதல் பத்து நாளில் மஞ்சள் கரு வேகமாகப் பெருக்கிறது. அந்த நாட்களில் கோழி தீனியை முன்பைவிட அதிகமாக எடுக்கும், வயிறு கனத்து நடை மாறும். அதைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு முட்டை வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கையால் பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. இரவில் கோழி அடைந்த பிறகு மெதுவாகப் பிடித்து, தலையை உங்கள் கக்கத்துப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எச்சவாய்க்கு இரு பக்கமும் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைகிறது, எலும்பு கெட்டியாக இருக்கிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது, அல்லது ஏற்கெனவே வைக்கிறது. எச்சவாயையும் பாருங்கள்: வைக்காத கோழிக்கு அது சின்னதாக, உலர்ந்து, சுருங்கி இருக்கும், வைக்கிற கோழிக்கு அகலமாக ஈரப்பசையோடு இருக்கும். உங்களுக்கு ஒரு வசதி, ஒப்பிட்டுப் பார்க்கக் கையிலேயே கிராமப்பிரியா இரண்டு இருக்கின்றன. முதலில் அதைத் தொட்டுப் பழகிவிட்டு அப்புறம் இந்த மூன்றுக்கு வாருங்கள். ஆனால் பெருவிடைக்கும் சிறுவிடைக்கும் எலும்புக்கூடே வேறு என்பதால் ஒரு விரலா இரண்டு விரலா என்று தராசு பிடிக்க வேண்டாம்.

பகலில் தெரியும் அடையாளங்களில் நான் அதிகம் நம்புவது குந்துவதை. நீங்கள் கிட்டே போய் முதுகுக்கு மேல் கையை நீட்டினால், இதுவரை ஓடிய பெட்டை இப்போது இறக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கும். சேவலுக்குக் காட்ட வேண்டிய இணக்கத்தை உங்களிடம் காட்டுகிறது. அதைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை எதிர்பார்க்கலாம். மிரண்டு வளர்ந்த நாட்டுக்கோழி சில சமயம் இதைக் காட்டாமலே முட்டைக்கு வந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலின் மஞ்சள் நிறம் வெளுப்பதை வைத்தும் சொல்வார்கள். அது உண்மைதான், மஞ்சள் நிறமி கருவுக்குப் போய்விடுவதால் வைக்கிற கோழிக்கு எச்சவாய், அலகு, கடைசியில் கால் என்று வெளுத்துக்கொண்டே வரும். ஆனால் அது முட்டை வைக்க ஆரம்பித்த பிறகு நடப்பது, முன்கூட்டிச் சொல்லாது. கருங்கால், வெள்ளைக்கால் கோழிக்கு அதுவும் பயன்படாது. போகிற போக்கில் ஒன்று: கோழியின் அந்த மஞ்சள் தோல், சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று மரபணு ஆய்வில் 2008இல் தெரிந்தது. உலகம் முழுக்க உள்ள மஞ்சள்கால் கோழிகளுக்கு நம்ம ஊர்ப் பங்கு ஒன்று இருக்கிறது.

பல்பு மாட்டுவது பற்றி. கோழியின் முட்டைக்கு வெளிச்சம் வேண்டும் என்பது சரி. கண்ணால் மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் போகும் வெளிச்சத்தையும் அது உணர்கிறது. பண்ணைகளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பது இதனால்தான். ஆனால் இணையத்தில் நாம் படிக்கும் அறிவுரை பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, ஜூனில் பதினாறரை மணி நேரம். அங்கே கோழி குளிர்காலத்தில் நின்றுபோவதில் ஆச்சரியமில்லை. கோயம்புத்தூரில் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம், மிக நீண்டது 12 மணி 45 நிமிடம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். உங்கள் கோழிகள் பகல் நீண்டுகொண்டே போன தை முதல் ஆனி வரையில் வளர்ந்தவை. வெளிச்சம் குறைந்ததால் நின்றது என்று சொல்ல வழியே இல்லை. ஐந்து கோழிக்குப் பல்பு வேண்டாம் என்பதே என் கருத்து. உடம்பு தேறாத வெடக்கோழியை வெளிச்சத்தால் அவசரப்படுத்தினால் முட்டை அடைத்துக்கொள்வதும் முட்டைக்குழாய் வெளியே தள்ளுவதும் நடக்கும்.

நம் ஊரில் முட்டையைத் தள்ளிப்போடுவது வெயில்தான். உங்கள் குஞ்சுகளின் நான்காம், ஐந்தாம் மாதம் சித்திரை, வைகாசியில் வந்தது. உடம்பு கட்ட வேண்டிய நேரம் அது. அக்னி நட்சத்திர வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தீனியைக் குறைத்துக்கொள்ளும், எடை ஏறாது. அதே வெயிலில் வைக்கிற கோழிக்கு ஓடு மெலியும். விடாமல் மூச்சிரைப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைவதுதான் அதற்குக் காரணம். ஆக உங்கள் மூன்றும் ஒரு மாதம் பின்தங்கியிருந்தால் அதில் அதிசயம் இல்லை. ஆடிக்காற்று வந்ததும் இவை தீனி நன்றாக எடுக்கத் தொடங்கியிருக்கும், கவனித்தீர்களா?

தீனிக்கு வருகிறேன், இங்கேதான் வீட்டு வளர்ப்பில் அதிகம் தவறு நடக்கிறது. மிச்சச் சோறு, குருணை, கம்பு என்று போட்டு வளர்த்த கோழி பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். வளரும் பெட்டைக்குத் தீனியில் 16 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். அரிசியில் ஏழெட்டு சதவீதம்தான், கம்பில் 11 போல. மேய்ச்சலில் புழு பூச்சி, கரையான் கிடைக்கிற தோட்டமாக இருந்தால் அந்தக் குறை தானாகச் சரியாகும். சிமெண்ட் போட்ட கொல்லையில் சரியாகாது. கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், அசோலா என்னும் நீர்ச்செடி என்று எதையாவது சேர்த்தாக வேண்டும். புண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள், அதில் வரும் நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும். கோழியைத் தூக்கி மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி கூராகத் தட்டுப்பட்டால் இளைத்திருக்கிறது, அதற்கு முதல் மருந்து தீனிதான்.

லேயர் தீவனத்தை ஐந்துக்கும் பொதுவாகப் போட வேண்டாம். அதில் கால்சியம் 3.5 சதவீதம் போல இருக்கும்; வளரும் கோழிக்கு ஒரு சதவீதமே போதும். முட்டை வைக்காத கோழி அந்த அதிகக் கால்சியத்தை மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் பாதிக்கும். உங்களைப் போல வைக்கிறதும் வைக்காததும் ஒன்றாக இருக்கும்போது வளர்கோழித் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு, கிளிஞ்சல் நொறுக்கலைத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு தானே பொறுக்கித் தின்னும். இது கோழிக்குத் தெரியும், நம்பி விடலாம். அந்தச் சட்டியை எந்தக் கோழி அடிக்கடி தேடிப் போகிறது என்று பார்ப்பதுகூட ஒரு துப்புதான்.

கேழ்வரகு போட்டால் கால்சியம் வந்துவிடும் என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் இருப்பது மூன்றில் ஒரு கிராம். ஒரு முட்டைக்கு அரை கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். கோழி நாள் முழுக்கத் தின்பதே 100 கிராம் சுற்றுவட்டம். நல்ல தானியம்தான், போடுங்கள், ஆனால் கிளிஞ்சலுக்குப் பதிலாகாது. முட்டை ஓட்டைக் காய வைத்துப் பொடித்தும் போடலாம். துண்டு துண்டாகப் போட்டால் சொந்த முட்டையையே கொத்தப் பழகிவிடும் என்பதால் நன்றாக நொறுக்குங்கள்.

தண்ணீர் எப்போதும் நிழலில் இருக்கட்டும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர், ஒரு நாள் வறண்டாலே முட்டை நிற்கும். குடற்புழு இருந்தாலும் எத்தனை தீனி போட்டும் ஏறாது. கடைசியாக எப்போது புழு மருந்து கொடுத்தீர்கள் என்று நினைவில்லையென்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொடுங்கள். கொடுத்தபின் கிராமப்பிரியா முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் அங்கேயே கேளுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடாமல் விட்டிருந்தால் இப்போதே போட்டுவிடுவது நல்லது. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் நடத்தும் இருவார முகாமில் இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் உங்கள் குஞ்சுகள் அப்போது மிகச் சிறியவை, அதனால் விடுபட்டிருக்கலாம்.

முட்டை வைக்க ஓர் இடத்தையும் இப்போதே தயார் செய்யுங்கள். பழைய கூடையில் வைக்கோல், கொஞ்சம் இருட்டான மூலை, கோழி அடையும் கம்பைவிடத் தாழ்வான இடம். உயரத்தில் வைத்தால் இரவில் அதிலேயே அடைந்து எச்சமிட்டு நாசம் செய்யும். ஐந்து கோழிக்கு இரண்டு கூடை போதும். ஒன்றுக்கே எல்லாம் சண்டை போடுவது வேறு கதை. கிராமப்பிரியாவின் முட்டை ஒன்றைக் கூடையிலேயே விட்டு வையுங்கள். நம் பாட்டிமார்கள் செய்ததுதான். ஒரு முட்டை கிடக்கும் இடம் பத்திரமானது என்று வெடக்கோழி எடுத்துக்கொள்ளும். பென்சிலில் ஒரு கோடு போட்டு வைத்தால் எது பழையது என்று குழம்பாது.

முதல் முட்டை வந்ததும் பயந்துவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். புறா முட்டை அளவில் இருக்கலாம், உள்ளே மஞ்சள் கருவே இல்லாமலும் இருக்கலாம். ஓடில்லாத தோல்முட்டை வரும், ஓட்டின்மேல் ரத்தக்கோடு இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு கரு இறங்கி இரட்டைக் கருவும் வரும். உறுப்புகள் இன்னும் ஒத்துழைக்கப் பழகவில்லை, சில வாரத்தில் சரியாகும். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது, அதில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போகும். அதனால்தான் இன்று எட்டு மணிக்கு வைத்தது நாளை ஒன்பது, மறுநாள் பத்து என்று தள்ளிப்போய் ஒரு நாள் விடுபடும். தோல்முட்டை ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் மட்டும் கிளிஞ்சல் சட்டியைக் கவனியுங்கள்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கிராமப்பிரியா வைத்துக்கொண்டே இருக்கும், அடைக்கு உட்காருவது அபூர்வம். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். எங்கள் பக்கம் அவயம் என்பார்கள். 21 நாள் அடைகாப்பு, அப்புறம் குஞ்சோடு இரண்டு மூன்று மாதம். வருடத்துக்கு அறுபது எழுபது முட்டை தந்தாலே அது நல்ல கோழி. முட்டை மட்டும் வேண்டும் என்றால் கிராமப்பிரியாவை இன்னும் இரண்டு வாங்குங்கள். குஞ்சு வேண்டுமென்றால் இந்த மூன்றுதான் உங்கள் சொத்து. அதற்குச் சேவல் வேண்டும், இரவல் வாங்கினாலும் போதும். அதைப் பிரித்துவிட்ட பிறகும் ஏழெட்டு நாள், சில சமயம் பத்து நாளுக்கு மேலும் கருவுள்ள முட்டை வரும். வெடக்கோழியின் முதல் ஈட்டு முட்டைகளை, அதாவது முதல் முறை அடைக்கு உட்காரும் முன் வைக்கும் முட்டைகளை, சாப்பிட்டுவிட்டு இரண்டாவது ஈட்டை அடைவைப்பதே வழக்கம், முட்டையும் பெரிதாக இருக்கும், குஞ்சும் திடமாக இருக்கும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றால், ஒன்பது மாதம் தாண்டியும் இடுப்பெலும்பு விரியவில்லை, அல்லது கோழி பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு முக்குகிறது, வயிறு வீங்கி இருக்கிறது, தீனி எடுக்கவில்லை என்னும்போது. முக்குகிற கோழியைக் காலையில் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

இன்று இரவு கோழிகள் அடைந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் கிராமப்பிரியா ஒன்று, அப்புறம் அந்தக் கொண்டை சிவந்தது, கடைசியாக மற்ற இரண்டு. சிவந்ததற்கு இரண்டு விரல் நுழைந்தால், நாளைக் காலையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு விறகு அடுக்குப் பக்கம் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைக்கிற முட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.